வெள்ளிக் கணக்கில் 15 கிராம் நிற்கிறது

சேலம் செவ்வாய்ப்பேட்டை, குகை, சிவதாபுரம், பனங்காடு பக்கங்களில் என் அப்பாவோடு வெள்ளிக் கணக்கு வைத்திருந்த வியாபாரிகள், பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

என் அப்பாவைப் பெயர் சொன்னால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பச்சை டிவிஎஸ்-காரர் என்றால் தெரியும். காலை பத்தரை மணிவாக்கில் மஞ்சள் பையைச் சட்டைக்குள் விட்டு, மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டு, செவ்வாய்ப்பேட்டைக்குள் மெதுவாக வண்டியை உருட்டி வருவாரே, அவர்தான். கொலுசு பத்த வைக்கிற வேலை, அதாவது வளையங்களின் இணைப்பை நெருப்பில் ஒட்டுவது. 14 வயதில் ஊதுகுழலைப் பிடித்தவர், 64 வயதில் போன பங்குனியில் இறந்தார்.

உங்களில் பலர் அன்றைக்கு வந்தீர்கள். மாலை போட்டீர்கள். "நல்ல குடும்பஸ்தன்மா உங்கப்பா" என்று என் கையைப் பிடித்துச் சொன்னவர்களே பத்துப் பேருக்கு மேல் இருக்கும். கருமாதி அன்று எங்கள் மாமா எழுந்து நின்று, "மச்சானுக்கு யாராவது தர வேண்டியது இருந்தாலும், அவர் யாருக்காவது தர வேண்டியது இருந்தாலும் சபையிலேயே சொல்லிடுங்க" என்று கேட்டார். வழக்கமாகக் கேட்பதுதான். யாரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும், "அவர்கிட்ட நமக்கு என்ன பாக்கி இருக்கப் போவுது" என்றார். அப்புறம் இலை போட்டார்கள். விஷயம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

முடியவில்லை. பாக்கி இருக்கிறது. அதற்குத்தான் இந்த மடல்.

நான் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். அடுத்தவர் கணக்கையே நாள் முழுக்கப் பார்க்கிற எனக்கு, அப்பாவின் நோட்டுகளைத் திறக்க ஒரு மாதம் ஆனது. மொத்தம் 23 குயர் நோட்டு. முன்பக்கத்திலிருந்து வெள்ளிக் கணக்கு. நோட்டைத் திருப்பிப் போட்டால் பின்பக்கத்திலிருந்து வீட்டுக் கணக்கு. இரண்டும் நடுவில் எங்கே முட்டிக்கொள்கின்றனவோ அங்கே ஒரு கோடு, அப்புறம் புது நோட்டு.

உங்களுக்கு நான் தொழிலைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதை வெளியூர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் நான்கு வரி. சேலத்துக் கொலுசு ஒரே ஆள் செய்வதில்லை. கடைக்குப் போவதற்குள் அது ஏழெட்டு வீடு ஏறி இறங்கிவிடும். உருக்குகிறவர் ஒருவர், கம்பி இழுக்கிறவர் ஒருவர், டை (அச்சு) அடிக்கிறவர் இன்னொருவர். வளையம் கோக்கிற வேலை பெரும்பாலும் பெண்களுக்கு. பத்த வைப்பது எங்கள் அப்பா மாதிரி ஆட்கள். சலங்கை வைக்க வேறு வீடு, மெருகு போட வேறு வீடு. ஒவ்வொரு வாசலிலும் எடை போட்டு வாங்கி, எடை போட்டுக் கொடுக்க வேண்டும். இடையில் இவ்வளவுதான் சேதாரம் என்று ஒரு பேச்சு. அதற்கு மேல் குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். ஆக, வேலைக்காரனிடம் எப்போதும் ஊரார் வெள்ளி இருக்கும், தன் வெள்ளி இருக்காது. அரை கிலோ வெள்ளி வீட்டுக்குள் இருக்கும், அரிசிக்குக் கடன் சொல்லியிருப்போம். எங்கள் தெருவில் இது ஓர் அதிசயமே இல்லை.

அப்பா வேலை செய்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சரக்கு உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். வீட்டின் முன்னறை, ஜன்னலில் பாதியைச் சாக்கு போட்டு மூடி வைத்திருப்பார். வெளிச்சம் அதிகமானால் நிறம் தெரியாது என்பார். சுத்த வெள்ளி 961 டிகிரியில் உருகும், செம்பு கலந்தது அதற்கு முன்னாலேயே இளகிவிடும். அதைவிடவும் முந்தி, இணைப்பை ஒட்டுகிற பற்றுப்பொடி உருகி ஓட வேண்டும். இந்த இடுக்கில்தான் அவர் பிழைப்பு. டிகிரி கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. வெங்காரத்தை நீரில் குழைத்துத் தடவி, பொடியைத் தூவி, நெருப்பைக் காட்டுவார். முதலில் வெங்காரம் அப்பளம் மாதிரிப் பொங்கும், அப்புறம் அடங்கிக் கண்ணாடி போலாகும். வெள்ளி மங்கலாகச் சிவக்கிற நேரத்தில் பொடி சட்டென்று மினுங்கி இணைப்புக்குள் ஓடும். அந்த மினுங்கலைப் பார்த்ததும் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் வளையமே உருண்டு மணியாகிவிடும். "பாப்பா, இப்பப் பாரு, ஓடுது பாரு" என்று எனக்குக் காட்டுவார். ஒருநாளும் நான் அதைச் சரியான நேரத்தில் பார்த்ததில்லை. பார்க்கிறேன் என்று சொல்லிவைப்பேன்.

சரி, நோட்டின் பின்பக்கத்துக்கு வருகிறேன்.

அதில் எங்கள் முழு வாழ்க்கையும் இருக்கிறது, ஆனால் ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. "பெரியவ பீஸ்", "சின்னவ செருப்பு", "அம்மா கண்ணாடி", "தட்டுவடை செட் 3". ஆடி மாதப் பக்கங்களில் வருஷா வருஷம் "வண்டி வேடிக்கை" என்று ஒரு வரி. குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கையைப் பார்க்காத சேலத்துக்காரர் யார்? சிவன், பார்வதி, காளி என்று வேஷம் கட்டியவர்கள் ஜோடித்த வண்டிகளில் வருவதை நான் அப்பாவின் தோளில் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறேன். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பாள், ஒன்றும் தெரியாது, அழுவாள். அடுத்த வண்டிக்கு இடம் மாற்றிவிடுவார். இப்படியே இரவு முழுக்க ஏற்றி இறக்கிக்கொண்டே நிற்பார். மறுநாள் தோள்பட்டைக்கு அம்மா தைலம் தேய்ப்பாள். நோட்டில் "தைலம்" என்று அதற்கும் ஒரு வரி உண்டு.

வருஷத்துக்கு ஒருமுறை "ஏற்காடு – 4 பேர்". ஏற்காட்டுக்குப் போவதை அவர் "நுரையீரலைக் கழுவிட்டு வரலாம்" என்றுதான் சொல்வார். பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறுவோம். அடிவாரம் தாண்டியதும் ஜன்னலைத் திறந்துவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒவ்வொன்றாக எண்ணுவார். பத்துக்கு மேல் அக்காவுக்கு வாந்தி வரும். ஒரு வருஷக் கணக்கில் "எலுமிச்சை 4" என்று இருக்கிறது. ஏரியில் போட்டில் ஏறியிருக்கிறோம், அவர் மட்டும் கரையில் நின்று கையாட்டுவார். தண்ணீர் பயமோ, டிக்கெட் பயமோ, கேட்டதில்லை. சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போகும்போது மட்டும் குழந்தை மாதிரிச் சிரிப்பார்.

தைப் பொங்கல் வந்தால் இன்னொரு பதிவு. எங்கள் இரண்டு பேரின் கணுக்காலையும் நூல் வைத்து அளந்து அங்குலத்தில் எழுதி வைத்திருக்கிறார். "பெரியவ 7, சின்னவ 6¼." அடுத்த வருஷம் "7½, 6¾." எல்லா அப்பாக்களும் சுவரில் கோடு போட்டு உயரம் பார்ப்பார்கள். கொலுசுக்காரர் காலைப் பார்த்திருக்கிறார். ஆனால் அளந்த அளவுக்கு எல்லா வருஷமும் கொலுசு வந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்மாவுடைய ஒரே ஜோடிக் கொலுசு நான்கு தடவை அடகுக்குப் போய், மூன்று தடவை திரும்பி வந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு அவரைத் தெய்வமாக்கிவிடாதீர்கள். என் அக்கா பிளஸ் டூ முடித்து நல்ல மார்க் வைத்திருந்தாள். அந்த வருஷ நோட்டில் "பெரியவ படிப்பு – நிறுத்தம்" என்று இருக்கிறது. மூன்றே சொல், ஒரு கோடு. அவளை வளையம் கோக்க உட்கார வைத்தார். நான்கு வருஷம் கழித்து என்னைக் கல்லூரியில் சேர்த்தார். கையில் கொஞ்சம் காசு புரண்டது, உங்களில் ஒருவர் முன்பணம் கொடுத்தீர்கள், அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அக்கா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நோட்டை மூடி என்னிடம் கொடுத்துவிட்டாள். ஒன்றும் பேசவில்லை. "நல்ல குடும்பஸ்தன்" என்று நீங்கள் சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவள் தலையாட்டினாள். ஆனால் அவளுக்குத் தெரிந்த குடும்பஸ்தன் வேறு, எனக்குத் தெரிந்தவர் வேறு. கோபம் வந்தால் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிற பழக்கமும் அவருக்கு இருந்தது. தராசைத் தொட்டால் யாராக இருந்தாலும் அடிதான்.

இன்னொரு வரியையும் சொல்லிவிடுகிறேன். 2013-ஆம் வருஷ நோட்டு, முன்பக்கம், வெள்ளிக் கணக்கு. "டச் கம்மி என்றார். 60 கி. பிடித்தம். சரி." டச் என்றால் வெள்ளியின் சுத்தம். அந்த மாதம்தான் அக்காவுக்குப் பேசி முடித்திருந்தது. எந்தச் சரக்கில், எவ்வளவு குறைந்தது என்று தொழில் தெரிந்த யாரும் கேட்பார்கள். அப்பாவும் கேட்டிருக்கலாம். கேட்டால் அடுத்த வாரம் வெள்ளி வராது, வெள்ளி வராவிட்டால் கல்யாணம் நிற்கும். "சரி" என்று எழுதிவிட்டார். பிடித்தவர் யார் என்பதும் அதே வரியில் இருக்கிறது. இங்கே எழுத மாட்டேன். ஐயா, நீங்கள் கருமாதிக்கு வந்திருந்தீர்கள், பாயசம் நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் சொன்னீர்கள். அந்த 60 கிராமை நான் கேட்கவில்லை. அவர் சரி என்று எழுதிய கணக்கை நான் திருத்த முடியாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் வடக்கே போகிற சரக்கு அப்படியே நின்றது. உங்களுக்கும் அது கஷ்டகாலம்தான். நோட்டில் ஒவ்வொரு நாளும் தேதி போட்டு, எதிரே ஒரு சைபர். எழுத ஒன்றும் இல்லாவிட்டாலும் நோட்டைத் திறந்து ஒரு சைபர் போட்டுவிட்டுத்தான் படுத்திருக்கிறார். பகலெல்லாம் தெருவில் அறுந்த கொலுசு, கழன்ற திருகாணி எது வந்தாலும் சும்மாவே சரிசெய்து கொடுத்தார். அதற்குக் கணக்கு எழுதவில்லை.

இரண்டு வருஷமாக மூச்சு வாங்கியது. முதலில் டிவிஎஸ்ஸை ஸ்டாண்டு போட்டு எடுக்கும்போது, அப்புறம் பேசும்போது, கடைசியில் எங்கள் வாசலின் இரண்டு படி ஏறும்போது. போன வருஷம் கோடையில் ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனோம். எப்போதும் போல எண்ண ஆரம்பித்தார். ஏழாவது வளைவில் நிறுத்திவிட்டார். மீதியை நான் எண்ணினேன். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். "என்ன வேலை செஞ்சார்?" என்று கேட்டார்கள். "கொலுசு பத்த வைக்கிறது" என்று அக்கா சொன்னாள். சீட்டில் "கூலி" என்று எழுதினார்கள். பீடி குடிப்பாரா என்று மட்டும் மூன்று தடவை கேட்டார்கள். அவர் வாழ்நாளில் பீடியைத் தொட்டதில்லை.

இதனால்தான் இறந்தார் என்று நான் யார்மேலும் பழி போடவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நகைப் பற்றவைப்பில் காட்மியம் கலந்த பொடியைப் பயன்படுத்துகிற வழக்கம் உண்டு, சீக்கிரம் உருகி ஓடும் என்பதற்காக. காட்மியப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். எங்கள் முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு சேலைத் திரைதான். அந்தப் புகையில்தான் அம்மா சோறு வடித்தாள், நாங்கள் பாடம் படித்தோம். நீங்கள் வெள்ளியை மில்லிகிராம் வரை எடை போட்டுத் தருகிறீர்கள். பொடிப் பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதையும் அதேபோல ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். இப்போதைய பையன்கள் படித்தவர்கள், படித்துப் பார்த்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். ஒரு புகைபோக்கி மின்விசிறிக்கு முன்பணம் கேட்டால் கொடுங்கள். கல்யாணத்துக்குக் கொடுக்கிறீர்கள் அல்லவா?

இப்போது பாக்கி விஷயம்.

அப்பாவின் வேலைப்பலகைக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதற்குள் மெருகு போட்டு முடித்த ஒரு ஜோடி குழந்தைக் கொலுசு, செய்தித்தாளில் சுற்றி இருந்தது. உள்ளே சீட்டு எதுவும் இல்லை. அம்மா அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும், "எனக்குத்தான் செஞ்சு வெச்சிருக்காரு போல" என்றாள். பிரித்துப் பார்த்தால் நீளம் ஐந்தேகால் அங்குலம். அன்றைக்குத்தான் அவர் போன பிறகு அம்மா முதல்தடவை சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

எடை 46 கிராம் 200 மில்லி. எங்கள் வீட்டுத் தராசிலேயே மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

அக்கா மகளுக்கு இரண்டரை வயசு. போன தைப் பொங்கலுக்கு நோட்டில் "பேத்தி 5" என்று எழுதியிருக்கிறார். கொஞ்சம் விட்டுப் பிடித்துத்தான் எப்போதும் செய்வார். ஆகவே இது அவளுக்காகத்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். இருக்கலாம். ஆனால் யார் வெள்ளியில் செய்தார்? எங்கள் வீட்டில் இருக்கிற வெள்ளி எங்கள் வெள்ளி இல்லை என்று சொல்லித்தானே எங்களை வளர்த்தார்.

நோட்டை வரி வரியாகப் பார்த்தேன். பேத்தி பிறந்த மாதத்திலிருந்து சில வாரங்களில் "கூலியில் வெள்ளி 1.500", "கூலியில் வெள்ளி 2.000" என்று எழுதியிருக்கிறார். அந்த வாரக் கூலியில் கொஞ்சத்தைப் பணமாக வாங்காமல் வெள்ளியாகவே வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம். வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டிய பிறகு அந்தத் துணுக்குகள் இன்னும் சின்னதாகின்றன: 0.800, 0.500, ஒரு வாரம் 0.400. அம்மாவிடம் அந்த வாரம் "சரக்கு கம்மி" என்று சொல்லியிருப்பார். எல்லாவற்றையும் கூட்டினால் 31 கிராம் 200 மில்லி வருகிறது.

ஆக, 31 கிராம் 200 மில்லிக்கு எழுத்து இருக்கிறது. 15 கிராமுக்கு இல்லை.

கடைசி நான்கு மாதம் அவர் கையெழுத்து சரியில்லை. சில நாட்கள் எழுதவே இல்லை. அந்த நாட்களில் கூலியாக வாங்கியிருக்கலாம். அல்லது உங்களில் யாரோ ஒருவருடைய வெள்ளியில் 15 கிராமைக் கைமாற்றாக எடுத்து, அடுத்த வாரம் கட்டிவிடலாம் என்று நினைத்திருக்கலாம். அப்படி அவர் இதற்கு முன்னால் செய்ததாக 23 நோட்டிலும் ஒரு வரி இல்லை. அதனால் நடந்திருக்காது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பேத்தி விஷயத்தில் அவர் கொஞ்சம் வேறு மாதிரி ஆளாகத்தான் இருந்தார். எங்களை அடித்த கைதான், அவள் தராசுத் தட்டில் பொம்மையை உட்கார வைத்தால் பேசாமல் எடை சொல்லும்.

எனவே உங்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்வது இதுதான். போன கார்த்திகை முதல் பங்குனி வரை உங்கள் சிட்டையைப் பாருங்கள். பச்சை டிவிஎஸ்-காரர் கணக்கில் வெள்ளி குறைந்திருந்தால், செத்த மனிதர், போகட்டும் என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அந்தப் பெருந்தன்மை எங்களுக்கு வேண்டாம். அவருக்கும் பிடிக்காது. 15 கிராம் என்றால் வெள்ளியாகவே திருப்பித் தருகிறேன், இல்லை அன்றைய விலைக்குப் பணமாக. அவர் கூலியாக வாங்கியதுதான் என்று உங்கள் சிட்டையில் இருந்தால், அதையும் சொல்லுங்கள். அந்த வாரத் தேதியோடு சொன்னால் நல்லது, நோட்டில் அந்த வரியை நானே எழுதிவிடுவேன்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேலும் ஞாயிறு முழுக்கவும் வீட்டில் இருப்பேன். குகையில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள், பச்சை டிவிஎஸ் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. தராசும் இருக்கிறது. உங்கள் எடைக்கல்லைக் கொண்டுவந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

அக்கா மகள் தினமும் வந்து டப்பாவை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்க்கிறாள். ஆடிப்பெருக்கு வரைக்கும் பொறுத்துக்கோ என்று சொல்லி வைத்திருக்கிறேன். கால் வளர்ந்துகொண்டே இருக்கிறது, அதற்குள் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பச்சை டிவிஎஸ்-காரரின் சின்ன மகள்,
குகை, சேலம்.